கேமரா இருக்கு, பதிவு இருக்கா?

(கூரத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சிசிடிவி கேமரா பொருத்தும் தொழில் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் தருகிறோம்.)



தலைவி அம்மா போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "நம்ம விற்பனை மையத்துல கேமரா போட்டு ஆறு மாசம் ஆச்சு. இப்ப திறந்து பார்த்தா ஒரு படமும் இல்ல. நீதான் அந்த வேலை பார்க்கிறியே, கூட்டத்துக்கு வந்து நாலு வார்த்தை சொல்லு" என்றார்கள். எனக்கு ஏணியில் ஏறிப் பழக்கம், மேடையில் ஏறிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர்க் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கூரத்தாழ்வான் இந்த ஊரில் பெரிய செல்வந்தராக இருந்தவர். ராத்திரி அன்னதானம் முடிந்து அவர் மாளிகைக் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் சன்னதி வரைக்கும் கேட்குமாம். தாயாரே 'அது என்ன சத்தம்' என்று கேட்டாராம். அது காதில் விழுந்ததும் ஆழ்வான் கூசிப்போய், சொத்தையெல்லாம் விட்டுவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டார். காட்டு வழியில் அந்த அம்மா, "இங்கே திருட்டு பயம் உண்டா?" என்று கேட்டார். "மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?" என்றார் இவர். பார்த்தால், கணவர் சாப்பிடுவதற்காக ஒரு பொன் வட்டிலை மட்டும் அந்த அம்மா மடியில் கட்டி எடுத்து வந்திருக்கிறார். அதை வாங்கித் தூக்கி எறிந்துவிட்டு நடந்தார்கள்.

ஆழ்வானுக்கு அது சரி. நம் மடியில் இருக்கும் கனத்தைத் தூக்கி எறிய முடியாது. அது ஊரார் சேலை, பேங்குக் கடன். அதனால் கேமரா போடுகிறோம். போட்ட அன்றே பயம் போய்விடுகிறது, அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவைச் சாத்தினால் சத்தம் கேட்கும். கேமரா நின்றுபோனால் ஒரு சத்தமும் கேட்காது அக்கா.

என்னைப் பற்றி ஒரு வரி. வீட்டுக்காரர் கூலி நெசவு. நான் குழு மூலமாக, பேங்குகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சிசிடிவி பொருத்தும் 13 நாள் பயிற்சி படித்தேன். கட்டணம் கிடையாது, சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள். முதல் கடைக்குப் போனபோது, "ஆம்பளை யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். இப்போது அதே கடையில், ஒயரை எலி கடித்தால் முதலில் எனக்குத்தான் போன் வருகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். ஊர் பேர் வேண்டாம். ஒரு குழு பட்டுச் சேலை விற்பனை நிலையம் நடத்துகிறது. நாலு கேமரா. கருட சேவை சமயம், நல்ல கூட்டம். மறுநாள் இருப்பு எண்ணும்போது ஒரு சேலை குறைகிறது. கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். பின்னறையில், விற்பனைக்கு நின்ற ஒரு பெண் அலமாரியைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறாள். படத்தின் மூலையில் நேரம் இரவு 9.40 என்று இருக்கிறது. கடை மூடுவது எட்டரைக்கு. சாவி ஒன்று அந்தப் பெண்ணிடமும் இருந்தது. அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளை அழுதாள், குழந்தை மேல் சத்தியம் செய்தாள். "கேமரா பொய் சொல்லுமா?" என்று கேட்டார்கள்.

போலீசுக்குக் கொடுப்பதற்காகப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பார்த்தேன். அந்த அறைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. படத்திலேயே தெரிகிறது. அதில் மணி ஏழு பத்து. அதுவரை பத்துப் பேர் அந்தப் படத்தை ஐந்தாறு தடவை பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் அந்தப் பெண்ணையே பார்த்தார்கள், கடிகாரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

என்ன நடந்தது என்றால், பதிவுப் பெட்டியில் நாடு எது என்று ஒரு அமைப்பு இருக்கும். நம் நாட்டு நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். சீன நேரம் எட்டு மணி நேரம் முன்னால். அந்தப் பெட்டி வரும்போதே சீன நேரத்தில் இருந்தது, பொருத்தியவர் மாற்றாமல் விட்டுவிட்டார். அதனால் எப்போதும் இரண்டரை மணி நேரம் கூட்டியே காட்டிக்கொண்டிருந்தது. 9.40ல் இரண்டரையைக் கழித்தால் 7.10. அந்த நேரம் கடை திறந்திருந்தது, முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காட்ட அவள் சேலை எடுத்துப் போயிருக்கிறாள். காணாமல் போன சேலை நாலாம் நாள் கிடைத்தது. குஞ்சம் கட்டக் கொடுத்திருந்தார்கள், நோட்டில் எழுத மறந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் அப்புறம் அந்தக் கடைக்கு வேலைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் போனார்கள், கதவைத் திறக்கவில்லை. இன்றைக்கும் எந்தக் கடைக்குப் போனாலும் நான் செய்யும் முதல் வேலை, என் போனில் மணியைத் திறந்து கேமரா முன்னால் காட்டுவேன். டிவியில் இரண்டு நேரமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இதை நீங்களே செய்யலாம், அரை நிமிட வேலை. தேதியையும் பாருங்கள். கரண்டு போய் வந்தபின் தேதி 2000ஆம் ஆண்டுக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கைக்கடிகார பேட்டரி போலத்தான், விலை அதிகமில்லை.

படம் வரவில்லை என்றால்

தறியில் இழை அறுந்தால் நாம் என்ன செய்கிறோம்? பாவு முழுவதையும் உலுக்குவதில்லை. அறுந்த முனையைப் பிடித்துக்கொண்டு விழுதில் பார்த்து, அச்சில் பார்த்து, இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிறோம். கேமராவும் அப்படித்தான். கேமரா, அதிலிருந்து ஒயர், ஒயர்கள் சேரும் ஸ்விட்ச் பெட்டி, படத்தைச் சேமிக்கும் பதிவுப் பெட்டி, இன்டர்நெட் கொடுக்கும் ரவுட்டர், கடைசியில் உங்கள் போன். இதுதான் வரிசை. போனில் வரவில்லை என்றதும், "கேமரா கெட்டுப்போச்சு, புதுசு வாங்கணும்" என்பார்கள். முதலில் பதிவுப் பெட்டியோடு இணைத்த டிவியைப் போடுங்கள். டிவியில் படம் வந்தால் கேமரா நன்றாக இருக்கிறது, கோளாறு இன்டர்நெட் பக்கம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பதிவுப் பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இதை நிறையப் பேர் தெரிந்துகொள்ளவில்லை.

டிவியிலும் ஒரு கேமரா மட்டும் இருட்டாக இருந்தால் அதற்குக் கரண்டு போகிறதா என்று பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கேமராவின் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி மங்கலாக மினுக்கும். மினுக்கினால் கரண்டு இருக்கிறது. அடுத்தது ஒயர். நெட்வொர்க் கேமராவில் ஒரே ஒயரில் கரண்டும் படமும் போகும். அந்த ஒயர் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. குடோன் தள்ளி இருந்தால் நடுவில் இன்னொரு ஸ்விட்ச் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரைப் போட்டுவிடுகிறார்கள். பகலில் படம் வரும். ராத்திரி அந்தச் சிவப்பு விளக்குகள் எரியும்போது கரண்டு கூடுதலாகத் தேவைப்படும், அப்போது கேமரா விட்டு விட்டு அணையும். திருடன் வரும் நேரம் பார்த்து அணைகிறது பாருங்கள்! வாங்கும்போது முழுச் செம்பு ஒயரா என்று கேளுங்கள், நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம்.

மழைக்காலத்தில் வெளிக் கேமரா அடிக்கடி நிற்கும். ஒயர் சேரும் இடத்தை வெறும் டேப் சுற்றித் தொங்க விட்டிருப்பார்கள், தண்ணீர் இறங்கியிருக்கும். மூடி வைத்த சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரிப் படம் வெள்ளையாகப் புகை போல இருந்தால் கேமராவைப் பழிக்காதீர்கள், ஒட்டடைக் குச்சியை எடுங்கள். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும்.

இனி ரொம்பப் பேர் ஏமாறும் இடம். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கதவு எண் உண்டு. 192.168.1.10 என்கிற மாதிரி. ஐ.பி. முகவரி என்பார்கள். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு நாள் இங்கே போடுவார், ஒரு நாள் அங்கே போடுவார். இரண்டு கேமராவுக்கு ஒரே எண் விழுந்தால் படம் அப்படித்தான் மாறி மாறி வந்து போகும். தனித்தனி எண் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, இன்டர்நெட் கம்பெனிக்காரர் வந்து பழைய ரவுட்டரை மாற்றிப் புதுசு வைத்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து கேமரா வராது. காரணம், பழைய ரவுட்டர் வைத்திருந்த தெருவின் பெயர் 192.168.1, புதியது வைத்திருக்கும் பெயர் 192.168.0. கேமரா இன்னும் பழைய தெருவிலேயே குடியிருக்கிறது. ஒரு கடைக்காரர் இதற்காக நாலு கேமராவையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார். நான் போய்ப் பார்த்தபோது பழையது நாலும் அட்டைப் பெட்டியில் நல்ல உயிரோடு இருந்தன. அதனால் பொருத்துகிறவரிடம், எந்தக் கேமராவுக்கு எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, தீர்மான நோட்டோடு வையுங்கள்.

ஒயர் இல்லாத வைஃபை கேமரா வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காணாது. ரவுட்டரில் 2.4ஐத் திறந்து சேருங்கள். நம் பழைய வீட்டுச் சுவரெல்லாம் கனம், இரண்டு சுவர் தாண்டினால் அலை தளர்ந்துவிடும்.

எத்தனை நாள் இருக்கும்?

கணக்கு நமக்குப் புதுசு இல்லை, வட்டிக் கணக்கே போடுகிறோம். சாதாரண 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21 ஜி.பி. ஆகும். நாலு கேமராவுக்கு 86 ஜி.பி. 1 டி.பி. ஹார்டு டிஸ்க் என்றால் பதினோரு நாள், பன்னிரண்டு நாள் தாங்கும். நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். இருப்பு நாம் மாதம் ஒரு தடவை எண்ணினால், பன்னிரண்டு நாள் பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்று, பெரிய டிஸ்க் போட வேண்டும். இல்லையென்றால் வாரம் ஒரு தடவை எண்ண வேண்டும். வாரம் எண்ணுவதுதான் செலவில்லாதது என்பது என் அபிப்பிராயம்.

சாத்தான்குளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரம், மரக்கடை நடத்திய ஜெயராஜையும் போன் கடை வைத்திருந்த அவர் மகன் பென்னிக்சையும் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாளுக்குள் இரண்டு பேரும் இறந்து போனார்கள். ஐகோர்ட்டு உத்தரவில் கோவில்பட்டி மாஜிஸ்திரேட் அந்த நிலையத்துக்கு விசாரிக்கப் போனார். அங்கே கேமரா இருந்தது. 1 டி.பி. டிஸ்க்கும் இருந்தது, இடம் தாராளம். ஆனால் தினமும் தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்று அவர் அறிக்கையில் எழுதினார். 19ஆம் தேதி ராத்திரிப் படம் இல்லை. அந்த ராத்திரி என்ன நடந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர், அங்கே வேலையில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி என்கிற பெண்மணி. பயந்துகொண்டே சொன்னார், ஆனாலும் சொன்னார். கடைத் தெருவிலிருந்து ஒரு கேமராப் பதிவும் வெளியே வந்தது. போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கைக்கும் அதற்கும் பொருந்தவில்லை என்று பத்திரிகைகளில் வந்தது. ஏதோ ஒரு கடைக்காரர் தன் கேமராவை ஒழுங்காக வைத்திருந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, எல்லா போலீஸ் நிலையத்திலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம் காக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று உத்தரவு போட்டது. நமக்கு அத்தனை நாள் வேண்டாம். ஆனால் 'தானாக அழி' என்பது எத்தனை நாளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருட்டோ அடிதடியோ நடந்துவிட்டால் அன்றைக்கே அந்த நேரப் பதிவைத் தனியாக எடுத்துவிடுங்கள். போனில் டிவியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோர்ட்டில் எடுபடுவது கஷ்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றும் கொடுக்க வேண்டும். கருவியை வைத்திருந்தவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்துப் போடுவார்கள். அதனால் பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்று இப்போதே தீர்மானம் எழுதி வைப்பது நல்லது.

பாஸ்வேர்டு யார் கையில்?

சாவி இல்லாமல் பீரோ வாங்குவோமா? பொருத்தியவர், "நான் பார்த்துக்கறேன் அக்கா" என்று பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொண்டு போய்விடுவார். நம் கடையை அவர் தன் வீட்டிலிருந்து பார்க்கலாம். இல்லையென்றால் கம்பெனியிலிருந்து வந்த 'அட்மின்', '12345' அப்படியே கிடக்கும். 2016ஆம் ஆண்டு மிராய் என்று ஒரு வைரஸ் வந்தது. அறுபது சுமாருக்கு இந்த மாதிரி வழக்கமான பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க உள்ள கேமராப் பெட்டிகளைத் தட்டித் தட்டித் திறந்தது. அந்தப் பெட்டிகளை ஏவிவிட்டு அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கினார்கள்.

அது எங்கேயோ நடந்தது என்று விட்டுவிடலாம். இதை விட முடியாது. 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில், ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் கேமராக் காட்சிகள் வெளியே போய், டெலிகிராமில் காசுக்கு விற்கப்பட்டது தெரியவந்தது. அங்கே பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று இருந்ததாகச் செய்திகள் சொல்லின. (கூட்டத்தில் சலசலப்பு.) ஆமாம்மா. ஊசி போட்டுக்கொள்ளப் போன பெண்கள். பாஸ்வேர்டு ஒரு கேள்வி. அந்த அறையில் கேமராவே எதற்கு என்பது அதற்கு முந்தைய கேள்வி.

நம் மையத்தில் சேலை கட்டிப் பார்க்கும் இடம், குழந்தைக்குப் பால் கொடுக்கும் மூலை, கழிவறைப் பக்கம், இங்கெல்லாம் கேமரா கூடாது. மறைவான இடத்தில் பெண்ணைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருடத்துக்குக் குறையாத சிறை உண்டு. அப்படி எதுவும் தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது, 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது.

பாஸ்வேர்டை நீளமாக, பெயரும் பிறந்த தேதியும் இல்லாமல் வையுங்கள். தலைவி, செயலாளர் இரண்டு பேருக்கு மட்டும் தெரியட்டும், பொறுப்பு மாறும்போது பாஸ்வேர்டும் மாறட்டும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 2025 ஏப்ரல் 9 முதல், அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேறிய சிசிடிவி கேமராக்களைத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வந்திருக்கிறது. பில் கேளுங்கள், சோதனைச் சான்று உள்ள மாடலா என்று கேளுங்கள்.

(இந்த இடத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "எங்க வீட்டுத் தறிக்கு நேரா முதலாளி கேமரா வச்சிருக்காரு. பட்டும் ஜரிகையும் அவரோடதுன்னு சொல்றாரு. என்ன பண்றது?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி அக்கா. நானே இரண்டு வீட்டில் அப்படிப் பொருத்தியிருக்கிறேன், ஒளிக்க மாட்டேன். முதல் வீட்டில் கூலிக்காகச் செய்துவிட்டு வந்துவிட்டேன். தறி இருக்கிற கூடத்திலேதான் அவர்கள் சமைப்பதும் படுப்பதும். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டாவது வீட்டில், கேமராவை எங்கே வைப்பது என்று முதலாளியைக் கேட்பதற்கு முன்னால் அந்த வீட்டு அம்மாவைக் கேட்டேன். "வாசப்படிய பார்க்கட்டும், உள்ள வேண்டாம்" என்றார். முதலாளியிடம், "ஐயா, சரக்கு வெளியே போனால் வாசல் வழியாகத்தானே போகணும், வாசலைப் பார்த்தால் போதாதா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எல்லோரும் சரி என்பார்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தனியாகக் கேட்பதைவிட, குழுவில் தீர்மானம் எழுதி நாலு பேராகப் போய்க் கேளுங்கள், நானும் வருகிறேன். கேமராவைத் திருப்புவதற்குக் கூலி வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் விற்பனை மையத்துப் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறேன். கேட்டதை வைத்துப் பார்த்தால் டிஸ்க்குக்குப் போகிற ஒயர் கழன்றிருக்கும், இல்லையென்றால் டிஸ்க்கே போயிருக்கும். குழுவுக்கு ஒருத்தர் வாருங்கள், கையோடு செய்து பழகலாம். ஏணி நான் கொண்டு வருகிறேன். சேலையில் வருகிறவர்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுங்கள், நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.